நாலு விரல் மடிப்பு

கத்தரிக்கோல் துணிக்குள் பாதி தூரம் போய்விட்டால், யார் கூப்பிட்டாலும், மீட்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற அவள் ஃபோனை எடுக்க மாட்டாள். பாதியில் நின்ற கத்தரி மறுபடி கிளம்பும்போது ஒரு நூல் பிசகும். பிசகினால் வெட்டு பல்லைக் காட்டும். ஆனால் அந்தப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டவர் தொகுப்பாசிரியர். பச்சைத் துணியையும் பாதி வெட்டையும் எதிரே நின்ற வாடிக்கையாளரையும் அப்படியே போட்டுவிட்டு, மீட்டர் சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கதை எண் பதினொண்ணு உங்களோடதுதானே? நிழல் விக்கிற கடை?"

"ஆமா மேடம்."

"ரொம்ப நல்ல கதை."

கடையில் பிறந்து கடையில் வளர்ந்தவளுக்கு அது தெரிந்த பேச்சு. வாங்க வந்தவர் சரக்கைப் புகழ ஆரம்பித்தால், அடுத்து வருவது 'ஆனா'தான்.

"ஆனா, எண் இருபத்தேழும் அதே கதை."

"புரியல மேடம்."

"எனக்கும்தான் புரியல. அதே கடை. நிழலை மீட்டர் கணக்குல வெட்டிக் குடுக்கறாங்க. நிழலே இல்லாம பொறந்த ஒரு குழந்தையைத் தூக்கிட்டு அப்பன் வர்றான். கடையில ஸ்டாக் இல்ல. கடைக்காரி தன்னோட நிழல்லருந்தே வெட்டிக் குடுக்கறா. வரிக்கு வரி வேற, கதைக்குக் கதை ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே துணியில சட்டை தைச்சிருக்கீங்க."

சமகால மிகுபுனைவுச் சிறுகதைகள், வளரும் எழுத்தாளர்களுக்கு மட்டும் என்று அறிவித்திருந்த தொகுப்பு அது. அரசர், வாள், பறக்கும் குதிரை எதுவும் வேண்டாம், மாயம் இன்றைய தெருவில் நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. வளரும் எழுத்தாளர், வளரும் எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டே மீட்டருக்கு நாற்பத்தொரு வயது ஆகிவிட்டது. மனுஷி இதற்கு மேல் எத்தனை அடிதான் வளர்வது? இதுவரை ஒரு கதைகூட அச்சில் வந்ததில்லை. எண் பதினொன்றுதான் முதலாவதாக வரவேண்டியது.

"அது யாரு மேடம்?"

"அதை நான் சொல்லக்கூடாது. உங்க பேரை அவங்களுக்கும் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள கதை யாரோடதுன்னு தெளிவாகலைன்னா ரெண்டையும் எடுத்துடுவேன். தேதி போட்ட பழைய பிரதி ஏதாவது இருந்தா அனுப்புங்க."

"அதுலருந்து ஒரே ஒரு வரி படிங்க மேடம். ஒண்ணே ஒண்ணு."

தாள் புரளும் சத்தம் கேட்டது. தொகுப்பாசிரியர் படித்தார்: "'பிள்ளை வளரும். கூடவே நிழலும் வளர வேண்டாமா? நாலு விரல் மடிப்பு விட்டுத் தைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு விரல் பிரித்துக்கொள்ளுங்கள்' என்றாள் கடைக்காரி."

ஓங்கி ஓர் அறை வாங்கியது போல இருந்தது மீட்டருக்கு. அந்த வரி அவள் எழுதியது இல்லை. அவள் எழுதியிருக்க வேண்டிய வரி.

"உங்களோடதுல முடிவு நல்லா இருக்கு. அதுல நடு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொகுப்பாசிரியர் வைத்துவிட்டார்.

வெளியே வந்து மீதி வெட்டை முடித்தாள். நூல் பிசகியிருந்தது. வாடிக்கையாளர் கவனிக்கவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அண்ணி கவனித்தாள்.

கல்லாவில் இருப்பது அண்ணன். வெட்டும் மேசை மீட்டருடையது, மூலையில் இருக்கும் தையல் மெஷின் அண்ணியுடையது. ஜன்னலுக்கும் வாசலுக்கும் திரைத்துணி விற்கும் அந்தக் கடையில் பதினான்கு வருஷமாக இதுதான் ஏற்பாடு. அதே பதினான்கு வருஷமாக ஒரே சண்டையும் நடக்கிறது. மீட்டர் கேட்ட அளவுக்கு மேல் ஒரு நூல் விடமாட்டாள். பட்டப்பெயர் வந்ததே அதனால்தான்.

"இதுலயும் மடிப்புக்கு விடலையா?" என்றாள் அண்ணி, துணியின் விளிம்பைத் தடவிக்கொண்டே. "ஒரு தண்ணி பாத்தா சுருங்கிடும். அப்புறம் ஜன்னலுக்கு அரை டிராயர் போட்ட மாதிரி தொங்கும்."

"கேட்ட அளவை வெட்டியாச்சு அண்ணி."

"கேக்கறவங்களுக்கு என்ன தெரியும்? நமக்குத் தெரிய வேண்டாமா?"

இதைச் சொல்லிக்கொண்டே அண்ணி தன் ஃபோனை மெஷின் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். அவளும் அப்போதுதான் யாரிடமோ பேசி முடித்திருந்தாள் போல இருந்தது.

"யாரு அண்ணி ஃபோன்ல?"

"பட்டன் கடைக்காரர்."

திரைத்துணிக்கு எதற்குப் பட்டன் என்று மீட்டருக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவள் மனசு வேறு இரண்டு பேரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

நிழல் கதையை இதுவரை படித்தவர்கள் இரண்டே பேர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், பூட்டியிருக்கும் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் மூன்று எழுத்தாளர்கள் கூடுவார்கள். ஒருத்தி மீட்டர். இன்னொருத்தி அந்த மருத்துவமனையின் பல் டாக்டர். மூன்றாவது ஆள் எதிர் வரிசை மருந்துக் கடைக்காரர், பெயர் டிராகன். ஜெராக்ஸ் மெஷினைப் பற்றி எழுதினாலும் அதற்குள் ஒரு டிராகனைச் சுருட்டிப் படுக்கவைத்துவிடுவார் என்பதால் வந்த பெயர். இரண்டு மாதத்துக்கு முன்பு மீட்டர் கதையைப் படித்துக் காட்டியபோது, பல் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"குழந்தை வளர்ந்தா நிழல் பத்தாதே, அப்ப என்ன பண்ணுவாங்க?"

கதையில் அது ஒரு பெரிய ஓட்டை. மீட்டரால் அதை அடைக்க முடியவில்லை. அடைக்காமலேதான் அனுப்பினாள். இப்போது எவரோ அந்த ஓட்டையை அடைத்து, கதையையே தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஓட்டை இருப்பது தெரிந்தவர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவர்.

வியாழக்கிழமை காலையில் மருந்துக் கடைக்குப் போனாள். நேரே விஷயத்துக்கு வரவில்லை. அண்ணன் கடையில் ஒரு ரகசிய வார்த்தை உண்டு. நாற்பது ரகம் பிரித்துப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் போகிற ஆள் உள்ளே நுழைந்தால், அண்ணன் சத்தமாக "பெரியம்மாவுக்கு சேர் போடு" என்பார். மீட்டர் அன்றைக்குப் பெரியம்மாவாகவே நுழைந்தாள். கண்ணாடிக்குள் இருந்த சீப்பைப் பார்த்தாள், தெர்மாமீட்டரைப் பார்த்தாள்.

"இருமலுக்கு ஏதாவது இருக்கா?"

"யாருக்கு இருமல்?" என்றார் டிராகன்.

"சும்மா, பொதுவா."

"பொதுவா இருமறவங்களுக்கு இன்னும் மருந்து வரலை மீட்டர். என்ன விஷயம்?"

"தொகுப்புக்கு என்ன கதை அனுப்பினீங்க?"

டிராகனின் கை தன்னாலே மேசைக்கு ஓடி, அங்கே கிடந்த ஒரு தாளை மாத்திரைத் தட்டுக்கு அடியில் தள்ளியது. மீட்டர் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"அதெல்லாம் சொல்லக்கூடாது. பேரை மறைச்சுப் படிக்கிற தொகுப்பு."

"எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"உங்ககிட்டதான் முக்கியமா சொல்லக்கூடாது."

இந்த ஆளேதான், வேறு யாருமில்லை என்று மீட்டர் உள்ளுக்குள் முத்திரை குத்திவிட்டாள். இருந்தாலும் ஆளைப் பிடிப்பதற்கு முன் அடையாளத் தழும்பைப் பார்க்க வேண்டும் இல்லையா?

"என் நிழல் கதையில ஒரு ஓட்டை இருந்துதே. குழந்தை வளர்ந்தா நிழல் பத்தாதுன்னு. நீங்களா இருந்தா அதை எப்படி அடைப்பீங்க?"

டிராகன் மோவாயைச் சொறிந்தார். யோசிக்காமல் பதில் வந்தது. "இதுல என்ன இருக்கு? வருஷத்துக்கு ஒரு டோஸ் கூட்டிக் குடுக்க வேண்டியதுதான். சின்ன வயசுல அரை ஸ்பூன் நிழல், அஞ்சு வயசுக்கு மேல ஒரு ஸ்பூன்."

மீட்டர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிக்கிற முகமாகத் தெரியவில்லை. "அந்தத் தாளைக் காட்டுங்க" என்றாள்.

"வேணாம் மீட்டர்."

"காட்டுங்க. இல்லைன்னா நீங்க என் கதையைத் திருடிட்டீங்கன்னு தெரு முழுக்கச் சொல்லுவேன்."

டிராகனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. தாளை எடுத்து நீட்டினார். "இதுல டிராகனே இல்ல" என்றார், வாடிக்கையாளர் யாருக்கும் கேட்காத குரலில். "வெளிய தெரிஞ்சா என் பேரு என்னாகறது? ஒரு பல் டாக்டரோட நாற்காலி தினமும் மத்தியானம் பறக்குது. உக்காந்திருக்கறவரு கீழ இறங்கவே மாட்டேங்கறாரு. அவ்வளவுதான் கதை. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

மீட்டர் இருமல் மருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்படியென்றால் பல் டாக்டர். ஓட்டையைக் கண்டுபிடித்தவளே அவள்தானே. ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கைதான் அடைக்கவும் அடைக்கும், அவள் பிழைப்பே அதுதான். அன்று மதியமே மீட்டர் பல்வலி என்று சொல்லிப் போய் நாற்காலியில் சாய்ந்தாள். அதில் ஒரு சங்கடம் இருந்தது. விசாரணை செய்யப் போனவளின் வாய் திறந்து கிடந்தது. கேள்வி கேட்கிற உரிமை எல்லாம் பல் டாக்டரிடம் இருந்தது.

"வலி எங்க இருக்கு?"

"ஆ."

"இங்கயா?"

"ஆ ஆ."

"இந்தப் பல்லு கல்லு மாதிரி இருக்கு. பொய் சொல்லிட்டு வந்தீங்களா? கதை யோசிக்கவா வந்தீங்க? என் நாற்காலியில உக்காந்தா நல்லா யோசனை வருதுன்னு டிராகனும் அடிக்கடி வந்து உக்காந்துக்கறார். அவர் பல்லும் நல்லாத்தான் இருக்கு."

வாயிலிருந்து கண்ணாடியை எடுத்ததும் மீட்டர் கேட்டுவிட்டாள். "குழந்தை வளர்ந்தா நிழல் பத்தாதுன்னீங்களே டாக்டர். அதுக்கு என்ன வழி?"

"ஒரு கேப் போட்டுடலாம்" என்றாள் பல் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "பழைய நிழலுக்கு மேல அளவெடுத்துப் பெரிய நிழலா ஒண்ணு மாட்டிவிட்டா போச்சு. அடுத்த வருஷம் அதை எடுத்துட்டு வேற. ஏன், இன்னுமா அதையே நோண்டிட்டிருக்கீங்க?"

மருத்துவமனைப் படியில் பாதி இறங்கியதும் மீட்டர் நின்றாள். பின்னால் வந்த ஆள் மோதிக்கொண்டு முணுமுணுத்தார். அவள் நகரவில்லை.

மருந்துக் கடைக்காரர் டோஸைக் கூட்டுகிறார். பல் டாக்டர் கேப் போடுகிறாள். அவரவர் கைக்கு என்ன பழக்கமோ அதை வைத்து ஓட்டையை அடைக்கிறார்கள். மீட்டருக்கு அடைக்கத் தெரியாததற்கும் அதுதான் காரணம். அவள் வெட்டுகிறவள். அளவுக்கு மேல் ஒரு நூல் விடாதவள். அப்படியானால் பிள்ளை வளரும், நாலு விரல் மடிப்பு விடு என்று சொல்கிற கை எது?

பட்டன் கடைக்காரராம். திரைத்துணிக்கு எதற்குப் பட்டன்?

கடைக்குத் திரும்பும் வழி முழுக்க மீட்டர் கொதித்தாள். கதை கடைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, பில் போடுகிற கோப்புகளுக்குப் பக்கத்தில். அண்ணி அதைத் திறந்து படித்திருக்கிறாள். எழுதவே தெரியாதவள் என்று நினைத்திருந்த அண்ணி. ஜன்னல் அளவும் வாடிக்கையாளர் பெயரும் தவிர வேறெதையும் அவள் எழுதி மீட்டர் பார்த்ததில்லை. பதினான்கு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இப்படியும் ஒரு வேலையா? நேரில் பார்த்ததும் கேட்டுவிட வேண்டும் என்று வந்தவள், கடைக்குள் நுழைந்து அண்ணி நிமிர்ந்து பார்த்ததும் இருமினாள். கையில் மருந்து இருந்தது வசதியாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை முழுவதும் கண்காணிப்பு. அண்ணி கம்ப்யூட்டர் பக்கம் போகிறாளா? போகவில்லை. இழுப்பறையைத் திறக்கிறாளா? நான்கு முறை திறந்தாள், நான்கு முறையும் நூல்கண்டுதான் எடுத்தாள். ஆனால் அண்ணியும் தன்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண் ஊசியில், ஒரு கண் வெட்டும் மேசையில்.

மதியம் ஓர் அம்மா வந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஊரைக் கூட்டுகிற அழுகை. அம்மா ரகம் பார்ப்பதற்காகக் குழந்தையை மெஷினுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க ஆரம்பித்தாள்.

"ஒரு கடை இருந்துதாம். என்ன கடை? நிழல் கடை. என்ன விப்பாங்க? நிழல்தான். மர நிழல் ஒரு மீட்டர், பஸ் ஸ்டாண்டு நிழல் ரெண்டு மீட்டர், பூனை நிழல் அரை மீட்டர்..."

மீட்டரின் கை கத்தரியோடு அப்படியே நின்றது. மர நிழல், பேருந்து நிறுத்தத்து நிழல், பூனை நிழல். அவள் கதையின் முதல் பத்தி, அதே வரிசையில்.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. அம்மா துணியைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"அந்தக் கதையை இன்னும் விடலையா நீங்க? என் பெரியவன் மூணு வயசுல இங்க வந்து அழுதப்பவும் இதைத்தான் சொன்னீங்க. அவனுக்கு இப்ப ஒம்பது வயசு. இன்னும் வெயில்ல நின்னு தன் நிழலை அளந்து பாத்துட்டிருக்கான்."

மூணுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஆறு வருஷம். மீட்டர் தன் கதையை எழுதி ஆறு மாதம்.

திடீரென்று பல மதியங்கள் நினைவுக்கு வந்தன. கத்தரி ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ ஒரு குழந்தை அழும். மெஷின் நிற்கும். ஒரு குரல் எதையோ சொல்லும். மெஷின் மறுபடி ஓடும். அந்தக் குரல் என்ன சொன்னது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் காதுக்குக் கதவு ஏது? இரண்டு வருஷத்துக்கு முன்பு குளித்துக்கொண்டிருக்கும்போது நிழல் கடை "தானாக" மனசில் உதித்தது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்!

திருடனைத் தேடித் தெருத் தெருவாக அலைந்தவள் கண்ணாடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

சனிக்கிழமை காலை அண்ணன் சரக்கு இறக்கப் போயிருந்தார். மணி பத்தரை. கடையில் யாருமில்லை. அண்ணி மெஷினிலிருந்து நிமிராமல் சொன்னாள்:

"கேளு."

"என்ன கேக்கணும்?"

"புதன்கிழமையிலருந்து தொண்டையில வெச்சிருக்கியே, அதை."

மீட்டர் மேசையில் இருந்த நாடாவைச் சுருட்டினாள். விரித்தாள். "பட்டன் கடைக்காரர் என்ன சொன்னார் அண்ணி?"

அண்ணி சிரித்துவிட்டாள். "ரெண்டு பட்டன் ஒரே மாதிரி வந்திருக்காம். எது அசல்னு கேட்டார்."

"நான்தான்னு எப்பத் தெரியும்?"

"அப்பவே. தொகுப்பாசிரியரம்மா உன் கதையிலருந்து ஒரு வரி படிச்சாங்க. குழந்தையோட குதிகால்லருந்து சரியா அறுபத்திரண்டு சென்டிமீட்டர், நூல் பிசகாம வெட்டினாள்னு. கைக்குழந்தைக்கு நிழல் வெட்டறப்பகூட மடிப்பு விடாத ராட்சசி இந்த உலகத்துல ஒருத்திதான். அவளுக்குத் தினமும் நான்தான் டீ போட்டுக் குடுக்கறேன்."

"அப்ப நேத்து அவ்வளவு சத்தமா கதை சொன்னது?"

"உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்க."

"நான் திருடலை அண்ணி."

"தெரியும்."

"காதுல விழுந்திருக்கு. எனக்கே தெரியாம."

"அதுவும் தெரியும். இல்லைன்னா புதன்கிழமையே உன் கத்தரியைப் பிடுங்கி ரோட்டுல வீசியிருப்பேன்."

"நீங்க எழுதுவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

அண்ணியின் கை மெஷின் சக்கரத்தில் நின்றது. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சென்ட் போட்டுக்கிட்டுக் கிளம்புவே. திரும்பி வந்து, 'இன்னைக்கு எங்க கூட்டத்துல'ன்னு ஆரம்பிச்சு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சொல்லுவே. ஒரு நாளாவது, 'அண்ணி, நீங்களும் வாங்க'ன்னு கூப்பிட்டிருக்கியா?"

மீட்டர் பேரத்தில் இறங்கினாள். வேறென்ன செய்வது, வளர்ந்த விதம் அப்படி.

"ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லலாம்."

"துணி என்னோடது. வெட்டினது நீ. வெட்டினவங்கல்லாம் துணி என்னுதுன்னு கெளம்பினா கடை நடத்த முடியுமா?"

"முடிவு என்னோடது. கடைக்காரி நிழல் இல்லாம வீட்டுக்குப் போறது. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு செவுத்தை ஒட்டியே நடக்கறது. அது உங்க கதையில இல்ல."

"இல்ல" என்று அண்ணி ஒத்துக்கொண்டாள். "குழந்தைங்ககிட்ட அப்படியெல்லாம் முடிக்க முடியாது. ஆனா முடிவை வெச்சு முழுத் துணியையும் கேக்காதே."

"பேருல கால் பங்கு."

"பேரை எப்படிடி கால் கால் கால்னு வெட்டுவே?"

மீட்டர் கடைசிச் சரக்கை எடுத்து மேசையில் வைத்தாள். "தேதி போட்ட பிரதி எங்கிட்ட இருக்கு அண்ணி. கம்ப்யூட்டர்ல. ஆறு மாசம் முந்தினது."

அண்ணி தலையை ஆட்டினாள். "இருக்கட்டும். எங்கிட்டயும் இருந்துது. அளவுச் சீட்டுக்குப் பின்னாடிதான் எழுதுவேன். ஒவ்வொரு சீட்டுலயும் தேதி. போன மாசம் உங்கண்ணன் பழைய பேப்பர்காரருக்கு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டார்."

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல. இப்ப நீ அனுப்பினா கதை உன்னோடது. அனுப்பு. மணி பதினொண்ணாகப் போகுது."

அண்ணி மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

மீட்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஒரு சொடுக்கு போதும். பெயர் அச்சில் வரும். நாற்பத்தொரு வயசில் ஒரே ஒரு பக்கம்.

ஆனால் எவனாவது தன் கையில் ஒன்றுமில்லை என்று தானே வாய்விட்டுச் சொல்வானா? பதினான்கு வருஷமாக ஒரு வாடிக்கையாளரிடமும் கடைசி விலையைச் சொல்லாத அண்ணி, இன்று மடியை உதறிக் காட்டுகிறாள். மீட்டரின் கண் மெஷினுக்குக் கீழே போனது. எப்போதும் பூட்டியிருக்கும் இழுப்பறை இன்று ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. உள்ளே நூல்கண்டு தெரிந்தது. நூல்கண்டுக்குக் கீழே என்ன இருந்தது என்பது தெரியவில்லை.

அவள் ஃபோனை எடுத்தாள்.

"மேடம், பதினொண்ணை எடுத்துடுங்க. கதை இருபத்தேழோடது."

"காப்பி அடிச்சீங்களா?" தொகுப்பாசிரியரின் குரலில் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்திருந்தது.

"இல்ல மேடம். காதுல விழுந்துது."

"அப்படீன்னா?"

"அப்படித்தான் மேடம்."

"சரி. அடுத்த தடவை அனுப்பறப்போ, காதுல விழாத கதையா பாத்து அனுப்புங்க."

மீட்டர் ஃபோனை மேசையில் வைத்தாள். மெஷின் நின்றது. அண்ணி குனிந்து இழுப்பறையை முழுசாக இழுத்தாள். நூல்கண்டுகளுக்குக் கீழே, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அளவுச் சீட்டு. ஒரு செங்கல் உயரம்.

"பழைய பேப்பர்காரருக்குப் போட்டாச்சுன்னீங்க!"

"அவர் வந்தார். நான் குடுக்கலை."

"என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"அளந்து பாத்தேன். நீ மட்டும்தான் அளப்பியா?"

சீட்டுகள் இருக்கக்கூடும் என்ற பயத்தில் விட்டுக்கொடுத்தாளா, மனசு கேட்காமல் விட்டுக்கொடுத்தாளா என்பது மீட்டருக்கு இன்றுவரை தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. அதனால்தான் அண்ணி அன்றைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

"முடிவை வேணும்னா வெச்சுக்கோங்க" என்றாள் மீட்டர், பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது.

"ஓசியில வேண்டாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாங்க."

"அதுல லாபம் உனக்கா எனக்கா?"

"தெரியல அண்ணி."

"தெரியாத வியாபாரம்னா சரி" என்று, தொகுப்பாசிரியரிடம் புது முடிவைச் சொல்ல அண்ணி ஃபோனை எடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. அண்ணன் பார்சலைப் பிரித்து, மனைவியின் பெயர் அச்சில் இருப்பதை மூன்று வாடிக்கையாளர்களிடம் காட்டினார். டிராகனின் நாற்காலிக் கதையும் அதே புத்தகத்தில் பறந்துகொண்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து பல் டாக்டர் அவரை நாற்காலியில் உட்கார விடுவதில்லை என்றும், பெஞ்சில் தன் பக்கத்திலேயே உட்காரவைக்கிறாள் என்றும், மீட்டர் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கூட்டத்திலிருந்து செய்தி கொண்டுவந்தாள். அவள் இப்போது ஒரு ஞாயிறுகூடத் தவறுவதில்லை.

மீட்டர் யாரும் பார்க்காதபோது கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். தன் முடிவு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தது. கடைக்காரி சுவரை ஒட்டி நடந்தாள். வீட்டுக் கதவைச் சாத்தினாள். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கீழே மூன்று வரி கூடுதலாக இருந்தது.

'மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது வாசலில் யாரோ விட்டுப்போன நிழல் துண்டு ஒன்று கிடந்தது, நாலு விரல் அகலம். அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். காலுக்குச் சரியாக இருந்தது.'

"அண்ணி! என் முடிவுல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மடிப்பு விட்டிருக்கேன்" என்றாள் அண்ணி, மெஷினை நிறுத்தாமல். "பின்னாடி வளரும்."

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் மீட்டருக்கு உறுத்தியது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே அவள் புதுக்கதை ஒன்று எழுத ஆரம்பித்திருந்தாள், கடைக் கம்ப்யூட்டரில் அல்ல, பூட்டு போட்ட பெட்டிக்குள் ஒரு நோட்டில். யாரிடமும் அதைக் காட்டவில்லை. அதன் முதல் வரி, 'வாசலில் யாரோ ஒரு நிழல் துண்டை விட்டுப் போயிருந்தார்கள்.'

இதை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. நிச்சயமாக இல்லை. வெட்டும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாய் என்று அண்ணன் எப்போதோ சொன்னதுண்டு.

மீட்டர் ஒரு நீலத் துணியை மேசையில் விரித்தாள். கத்தரியை வைத்தாள். வாய்க்குள்ளேயே, சும்மா, இல்லாத ஒரு கதையை முணுமுணுத்தாள். "அந்த லிஃப்ட்டுக்குள்ள ஒரு கெழவி குடியிருந்தா..."

மெஷின் நின்றது.

மீட்டர் வாயை மூடிக்கொண்டாள். மெஷின் ஓடியது.

"எந்த மாடியிலயும் எறங்க மாட்டா..."

மெஷின் நின்றது.

"என்ன அண்ணி?" என்று திரும்பினாள் மீட்டர்.

அண்ணி ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நூல் அறுந்துடுச்சு."